கடைசிச் சீட்டில் ஏற்றலாமா: மூன்று வருட சால்வரும் பதினொரு நாள் நோட்டும்

மடிக்கணினி நேற்றுதான் டவுன் ஹால் ரோட்டிலிருந்து வீடு திரும்பியது. விசிறி அடைத்துப் போய், நினைவகத் தகடு ஒன்று செத்து, பதினொரு நாள் கடையில் கிடந்தது. செலவு 4,200 ரூபாய். அதைக் கெடுத்தது எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்னி நட்சத்திர வெயிலில், இரவு பத்து மணிக்கும் சுவர் சுடுகிற அறையில், விடிய விடிய போக்கர் சால்வரை, அதாவது போக்கர் சீட்டாட்டத்தில் எப்படி ஆடுவது சரி என்று கணக்கிட்டுச் சொல்லும் மென்பொருளை, ஓடவிட்டிருந்தேன்.

அதே வாரம் திருநகர் நண்பர் கேட்டார்: "நானும் அதை வாங்கலாம் என்று இருக்கிறேன். மூன்று வருடமாக வைத்திருக்கிறீர்களே, எப்படி இருக்கிறது? பணம் வைத்து ஆடும் செயலிகளை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் உங்களுக்கு அது எதற்கு?"

இரண்டாவது கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். நான் ஒருநாளும் பணம் வைத்து ஆடியதில்லை. சனிக்கிழமை இரவு எங்கள் மொட்டைமாடியில் ஐந்து பேர் கூடுவோம். ஆளுக்கு 500 புளியங்கொட்டை. ஆட்டம் முடிந்ததும் எல்லாம் டப்பாவுக்குள் போய்விடும். ஆனாலும் ஏற்றக் கூடாத இடத்தில் ஏற்றி 140 கொட்டையை இழந்தால் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு மனம் ஆறாது. அந்த ஆறாத மனத்துக்காகத்தான் சால்வர் வாங்கினேன்.

முதல் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை. அதன் அம்சங்கள், திரை, வேகம் பற்றி நான் எழுதப் போவதில்லை. வாங்க நினைப்பவர்களுக்கு அதெல்லாம் தெரிந்திருக்கும். கடைசிச் சீட்டு விழுந்த பிறகு, எதிராளி வைத்த பந்தயத்துக்கு மேல் ஏற்றுவதா, அதே அளவு போட்டுக் 'கால்' சொல்லி நிறுத்திக்கொள்வதா என்ற ஒரே ஒரு விஷயத்தில் அது எனக்கு என்ன செய்தது, என்ன செய்ய மறுத்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

அதை வாங்குவதற்கு முன்னால் கடைசிச் சீட்டில் நான் என்னையே கேட்டுக்கொண்டிருந்த கேள்வி, 'நான் முன்னால் இருக்கிறேனா?' என்பது. எதிரில் இருப்பவர் பந்தயம் வைக்கிறார், அவரிடம் பாதிக்குப் பாதி பம்மாத்து, ஆகவே நான் முன்னால், ஆகவே ஏற்று. இந்தக் கணக்கு அடியோடு தவறு. பம்மாத்து ஆடுகிறவர் நான் ஏற்றியவுடன் சீட்டைக் கவிழ்த்து விலகிவிடுவார். அவர் முன்பே வைத்த கொட்டை நான் வெறும் கால் சொல்லியிருந்தாலும் எனக்குத்தான் வந்திருக்கும். ஏற்றியதால் வந்த கூடுதல் வரவு ஒன்றுமில்லை. ஏற்றுவதன் லாபமும் நட்டமும், ஏற்றிய பிறகும் கொட்டை போட்டுப் பார்க்கிறவர்களிடம் மட்டுமே இருக்கின்றன. அவர்கள் போடுகிற சீட்டுகளில் பாதிக்கு மேல் என்னிடம் தோற்க வேண்டும். இல்லாவிட்டால் என் கை எவ்வளவு அழகாக இருந்தாலும் கால்தான். இதை எனக்குப் புரியவைத்தது அந்த மென்பொருள். ஒவ்வொரு சேர்க்கையாகச் சொடுக்கிச் சொடுக்கி, எது போடுகிறது, எது கவிழ்கிறது என்று பார்த்த அந்த முதல் மாதத்தை நான் மறக்க மாட்டேன்.

இனி குறை. மாசி மாதம் ஆடிய ஒரு கையை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

என்னிடம் இஸ்பேட் ராஜாவும் ஆர்ட்டின் ஒன்பதும். தரையில், எல்லாருக்கும் பொதுவாக, டைமண்ட் ராஜா, கிளாவர் ஒன்பது, இஸ்பேட் நாலு. அடுத்து ஆர்ட்டின் இரண்டு. கடைசியாகக் கிளாவர் ஜாக்கி. நடுவில் 100 கொட்டை. தாய்மாமா 60 வைத்தார். இரண்டு ஜோடி கையில் இருக்கிற தெம்பில் நான் 200 ஆக்கினேன். மாமா ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் போட்டார். திருப்பினால் ராணியும் பத்தும். ஒன்பதிலிருந்து ராஜா வரை வரிசை சேர்ந்திருந்தது.

"மாப்பிள்ளை, ஜாக்கி வந்தால் எனக்கு என்று முதலிலிருந்தே உட்கார்ந்திருந்தேன். சீட்டைப் பார்க்காமல் எப்படி எழுந்து போவது?" என்றார். மில்லில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சீட்டு விஷயத்தில் எந்த நூலையும் பாதியில் அறுக்க மாட்டார்.

அன்று இரவே அந்தக் கையைச் சால்வரில் போட்டேன். பதில் வந்தது: ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு ஏற்று, மீதிக்குக் கால் சொல். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. மாடியில் உட்கார்ந்துகொண்டு நாலில் ஒரு பங்கு எப்படி ஏற்றுவது? பிறகுதான் அந்தப் பதிலின் பொருள் புரிந்தது. சால்வர் இப்படிக் கலந்து சொல்லும்போது, குறையே இல்லாமல் ஆடும் ஒரு எதிராளிக்கு எதிரில் இரண்டு வழிக்கும் ஒரே பலன் என்று அர்த்தம். அந்த இடத்தில் முடிவு சீட்டிடம் இல்லை, எதிரில் இருக்கும் ஆளிடம் இருக்கிறது. இவ்வளவு அழகான விஷயத்தை அது வெறும் இரண்டு எண்களாகக் காட்டிவிட்டுப் போய்விடுகிறது.

இந்தக் கணிப்பு முறைகளின் வரலாறே அப்படிப்பட்டது. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015 ஜனவரியில், இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெம் என்ற, பந்தயத் தொகைக்கு வரம்பு வைத்த போக்கர் வகையைக் கிட்டத்தட்ட முழுமையாகத் தீர்த்துவிட்டதாக வெளியிட்டார்கள். நீண்ட காலத்தில் யாராலும் வெல்ல முடியாதபடி ஆடுவது எப்படி என்பதுதான் அவர்கள் தேடிய விடை. என் மாமாவிடம் எப்படி ஆடுவது என்பது வேறு கேள்வி. அதற்கு அந்தக் குறையற்ற எதிராளியை எடுத்துவிட்டு, மாமாவின் பழக்கத்தை நாமே உள்ளே பூட்டிவைக்க வேண்டும். அந்த வசதி இருக்கிறது. மூன்று வருடமாக என் பொறுமையைத் தின்றதும் அதுதான். அரை மணி நேரம் உட்கார்ந்து மாமா எதைப் போடுவார், எதைக் கவிழ்ப்பார் என்று ஒவ்வொன்றாகப் பூட்டினால், தரையில் ஒரே ஒரு சீட்டை மாற்றியதும் எல்லாப் பூட்டும் அழிந்துவிடுகிறது. ஜாக்கிக்குப் பதில் ஏழு விழுந்திருந்தால் என்ன என்று பார்க்க, மாமாவை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். ஒரு மனிதரின் குணம் ஒரு சீட்டு மாறியதும் மாறிவிடுமா? இரண்டு முறை எழுதிக் கேட்டேன். நன்றி என்று பதில் வந்தது. பூட்டு இன்றைக்கும் அழிகிறது.

கணினி கடையில் கிடந்த பதினொரு நாளில் வேறு வழியில்லாமல் நாற்பது பக்க நோட்டு ஒன்றை எடுத்து, மாசி மாதக் கையைக் கையாலேயே எண்ணினேன். கண்ணில் படாத ஒரு ஜோடி ஆறு விதமாக அமையும். அதில் ஒரு சீட்டு கண்ணில் பட்டால் மூன்று விதம், இரண்டு பட்டால் ஒன்றே ஒன்று. வேறு வேறு சீட்டு இரண்டு என்றால் நாலு பெருக்கல் நாலு, பதினாறு. கண்ணில் பட்டதைக் கழித்துக்கொள்ள வேண்டும். இவ்வளவுதான்.

என்னை வெல்பவை: ராஜா-ஜாக்கி 6, மூன்று ஜாக்கி 3, மூன்று நாலு 3, மூன்று இரண்டு 3, மூன்று ராஜா 1, மூன்று ஒன்பது 1. ஆக 17. ராணி-பத்து வரிசை மட்டும் தனியாக 16. என்னிடம் தோற்று, ஏற்றினாலும் போடக்கூடியவை: ஏஸ்-ராஜா 8, ஜாக்கி-ஒன்பது 6. ஆக 14. ராஜா-ராணி இன்னொரு 8. ஆனால் அதை வைத்துக்கொண்டு போடுவாரா, கவிழ்ப்பாரா என்பது ஆளைப் பொறுத்தது.

மாமா ராஜா-ராணியோடு கட்டாயம் போடுவார். ஆனால் ராணி-பத்தையும் முதலிலிருந்தே விடாமல் வைத்திருப்பார். அவர் போடுபவற்றில் என்னிடம் தோற்பவை 22, என்னை வெல்பவை 33. ஏற்றினால் கூடுதலாக நான் வைப்பது 140 கொட்டை. அவர் போடும் ஒவ்வொரு முறையும் சராசரியாக 28 கொட்டை நட்டம். எங்களோடு ஆடும் மருந்துக்கடைத் தம்பி நேர் எதிர். ஜாக்கிக்காகக் காத்திருக்க மாட்டார், ராணி-பத்தை முதல் மூன்று சீட்டிலேயே கவிழ்த்துவிடுவார். ஆனால் 200 என்றதும் ராஜா-ராணியையும் கவிழ்த்துவிடுவார். 14-க்கு 17. இங்கேயும் நட்டம்தான்.

இந்தப் பக்கத்தை எழுதி முடித்தபோது நான் எழுந்து மாடிக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். தாராளமாகப் போடுகிற ஆளிடம் ஏற்றலாம், கறாரான ஆளிடம் கூடாது என்றுதான் இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன். இந்தக் கையில் இருவரிடமும் கூடாது! மாமாவின் எந்தக் குணம் ராஜா-ராணியைப் போடவைக்கிறதோ அதே குணம்தான் ராணி-பத்தையும் கடைசிவரை கூட்டிவருகிறது. ஏற்ற வேண்டிய ஆள் எங்களோடு ஆடும் வாத்தியார். ஆரம்பத்தில் கண்டிப்பாக இருந்து ராணி-பத்தைக் கவிழ்த்துவிடுவார். ஆனால் இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்று கடைசியில் ராஜா-ராணியை விட மனம் வராது. 22-க்கு 17. ஒவ்வொரு முறைக்கும் ஏறத்தாழ 18 கொட்டை வரவு. தம்பியிடமும் ஒரு வழி இருக்கிறது: 200 என்று மிரட்டாமல் 120 என்று நிறுத்தினால் அவரும் ராஜா-ராணியோடு போட்டுவிடுவார். அப்போது 8 கொட்டைக்குக் கொஞ்சம் குறைவாக வரவு. சிறிய தொகைதான், ஆனால் நட்டம் வரவாக மாறுகிறது.

மூன்று வருடத்தில் அந்த மென்பொருள் இதை எனக்கு ஒருமுறைகூட இப்படிப் பக்கத்தில் பக்கத்தில் காட்டியதில்லை. காட்டியிருக்க முடியும். மூவரையும் பூட்டி அடுத்தடுத்து வைக்க விட்டிருந்தால் போதும்.

நியாயமாகப் பேசினால், எதை எண்ண வேண்டும் என்று சொல்லிக்கொடுத்ததே அதுதான். அது இல்லாமல் எனக்கு இந்த நோட்டே வந்திருக்காது. கடைசிச் சீட்டுக் கணக்கைச் சில நொடியில் முடித்துவிடும், அதில் பிழை கண்டதில்லை. முதல் மூன்று சீட்டிலிருந்து ஓடவிட்டால்தான் 16 ஜிபி நினைவகத்தையும் விழுங்கிவிட்டுக் கணினியைக் கொதிக்கவிடும். மாடியில் ஆடுகிறவர்களுக்கு அந்தக் கணக்கு தேவையே இல்லை. நான் ஓடவிட்டது ஆசையால்.

ஆனால் நண்பரே, வாங்காதீர்கள். நானும் இந்த மாதச் சந்தாவைக் கட்டவில்லை. நேற்று கணினி வந்ததும் திறந்து பார்த்தேன்; மாமாவுக்காகச் சித்திரையில் போட்ட கடைசிப் பூட்டும் இல்லை. மூடிவிட்டேன்.

சனிக்கிழமை எட்டு மணிக்கு வாருங்கள். நோட்டைத் தருகிறேன், 500 கொட்டையும் எண்ணி வைக்கிறேன். மாமாவுக்கு இடப்பக்கம் இடம் காலியாக இருக்கும், அதில் உட்காருங்கள். அவர் பேசிய பிறகு நீங்கள் பேசலாம்.