₹23,600 போச்சு: பழைய வண்டிக்கு கியர் ஆயில் மாற்றக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கையில் ஒட்டிய கிரீஸைக்கூட இன்னும் கழுவவில்லை. வயிறு எரிகிறது, அப்படியே உட்கார்ந்து எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கீழக்கரையில் எங்கள் வீட்டில் 1950 ஸ்டுடிபேக்கர் சாம்பியன் ஒன்று நிற்கிறது. முன்னால் விமான மூக்கு மாதிரி கூம்பு வைத்த மாடல். வாப்பா மெட்ராஸில் பழைய வண்டியாக வாங்கி வந்தது. மூன்று கியர், அதன் பின்னால் ஓவர்டிரைவ் என்று கூடுதலாக ஒரு கியர் பெட்டி. 45, 50 கிலோமீட்டர் வேகம் வந்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ‘டக்’ என்று விழும். அப்புறம் அதே வேகத்துக்கு இன்ஜின் சுற்று முப்பது சதவீதம் போல இறங்கி, வண்டி மூச்சு விட்ட மாதிரி அமைதியாக ஓடும். மண்டபம் ரோட்டில் அந்த ‘டக்’ சத்தத்தைக் கேட்டால் வாப்பா முகமே மாறிவிடும். வாப்பா போய் ஒன்பது வருஷம். அந்தச் சத்தத்தைத்தான் இப்போது தொலைத்துவிட்டு நிற்கிறேன்.

வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் ஊர் மேஸ்திரி இரண்டு வருஷத்துக்கு முன் மௌத்தாகிவிட்டார். கியர் ஆயில் மாற்ற வேண்டிய நேரம். பழைய கார்களுக்கு ஆயிலும் சர்வீஸும் வீட்டுக்கே வந்து செய்வோம் என்று ஆன்லைனில் விளம்பரம் போடும் ஒரு கடை. பெயர் போடவில்லை. ஆயில், வேலை, வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்து ₹23,600, முழுப்பணமும் முன்னாலேயே என்றார்கள். போட்டுவிட்டேன்.

வந்தவர் வண்டியைத் தொடும் முன் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பானட்டைத் தடவிப் பார்த்து, “வாப்பா வாங்கினதா பாய்? நல்லா வச்சிருக்கீங்க” என்றார். அந்த ஒரு வார்த்தையில் நான் விழுந்துவிட்டேன். ஓவர்டிரைவ் வண்டி, பார்த்துச் செய்யுங்கள் என்றதற்கு, “ஓவர்டிரைவ் எல்லாம் நமக்குத் தண்ணி பட்ட பாடு பாய், நீங்க உள்ள போய் டீ சொல்லுங்க” என்றார். டீ சொல்ல உள்ளே போனேன். பக்கத்திலேயே நின்றிருக்க வேண்டும்.

இந்த வண்டியில் ஆயில் இரண்டு பெட்டியில் நிற்கிறது. முன்னால் கியர் பாக்ஸ், பின்னால் ஒட்டினாற்போல் ஓவர்டிரைவ். இரண்டுக்கும் தனித்தனி வடிகால் பிளக், தனித்தனியாக ஆயில் ஊற்றும் பிளக். முன்பெட்டியிலிருந்து பின்பெட்டிக்குக் கொஞ்சம் போகும்தான், ஆனால் காலியாக வடித்த பெட்டியை அது நிரப்பாது. அந்த மனுஷன் இரண்டையும் வடித்துவிட்டு முன்பெட்டியில் மட்டும் ஊற்றி மூடிவிட்டுப் போயிருக்கிறார். பின்பெட்டி காய்ந்து கிடந்தது. இது தெரியாமல் மூன்று வாரம் நான் ஓட்டியிருக்கிறேன்.

போன வெள்ளி, மண்டபத்தில் லாத்தா வீட்டுக்குப் புறப்பட்டேன். ராமநாதபுரம் தாண்டியதும் பின்னாலிருந்து ஒரு ஊளை. உச்சிப்புளி நெருங்கும்போது தீய்ந்த வாடை. அப்புறம் இன்ஜின் உறுமுகிறது, வண்டி இழுக்கவில்லை. ஓரமாக நிறுத்தி, டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ஓவர்டிரைவ் கைப்பிடியை வெளியே இழுத்துப் பூட்டினேன். அப்படிப் பூட்டினால் உள்ளே இருக்கும் ரோலர் கிளட்சை, அதாவது ஒரு திசையில் மட்டும் பிடித்து இழுக்கும் உருளைப் பிடிப்பை, நம்பாமல் நேரடிப் பிடிப்பில் வண்டி நகரும். வாப்பா சொல்லிக்கொடுத்தது. உருட்டி உருட்டி மண்டபம் வந்து சேர்ந்தேன்.

மச்சான் பாம்பனிலிருந்து விசைப்படகு இன்ஜின் பார்க்கும் ஒரு அண்ணனைக் கூட்டிவந்தார். கார் வேலையே அவர் தொழில் இல்லை. ஆனாலும் கீழே படுத்து, பின்பெட்டி பிளக்கைக் கழற்றி, சுண்டுவிரலை உள்ளே விட்டார். ஆயில் அந்த ஓட்டையின் அடி விளிம்பு வரை நிற்க வேண்டும். விரலை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டினார். நகக்கண்ணில் கறுப்பாக ஒரு கோடு, அவ்வளவுதான். “தம்பி, இதுல ஆயிலே ஊத்தலையே” என்றார். வடிகால் பிளக்கைத் திறந்தபோது ஒரு மேசைக்கரண்டி கரிக்குழம்பு, அதில் இரும்புத் தூள்.

அதோடு முடியவில்லை. முன்பெட்டியில் ஊற்றியிருந்ததும் தப்பு ஆயில். விட்டுப்போன டப்பாவை வீட்டில் எடுத்துப் பார்த்தேன், ஜிஎல்-5 என்ற தரக்குறி. மூடியைத் திறந்தாலே கந்தக நாற்றம். அது பின் ஆக்சிலுக்கான ஆயில். அங்கே பல்லும் பல்லும் வழுக்கி உரசும் ஹைப்பாய்ட் கியர் இருப்பதால் அது தேவை. கியர் பாக்ஸில் கியர் நோகாமல் விழ உதவும் சின்க்ரோ வளையங்கள் பித்தளை இனம். வீரியமான அந்த ஆயில் நாளாக நாளாக அவற்றை அரிக்கும். இந்த வண்டிக்குக் கேட்டது சேர்மானம் இல்லாத சாதாரண மினரல் கியர் ஆயில். ஒரே டப்பாவை ஆக்சிலுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஊற்றி வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார். மூன்று வாரத்தில் பித்தளை செத்துவிடாது, அதை வடித்தாயிற்று. காய்ந்து ஓடிய ஓவர்டிரைவ்தான் போய்விட்டது.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள், “டெக்னிக்கல் டீம்கிட்ட சொல்லிட்டோம் சார், நாளைக்குக் கூப்பிடுவாங்க.” இரண்டாம் நாள், “எழுபத்தஞ்சு வயசு வண்டி சார், ஏதாவது ஒண்ணு வரத்தான் செய்யும்.” மூன்றாம் நாள், நான் ஓட்டிய முறை சரியில்லையாம். பிளக் போட்டோ அனுப்பினேன். பில்லில் ‘ஓவர்டிரைவ்’ என்று எழுதியிருக்கிறதா சார் என்று கேட்கிறார்கள். பில்லை எடுத்துப் பார்க்கிறேன், ‘சர்வீஸ் - ₹23,600’ என்று ஒரே வரி. நேற்றிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒற்றை டிக். ₹23,600 வாங்கிக்கொண்டு என் வாப்பா வண்டியைக் கொன்றுவிட்டு ஒற்றை டிக்!

என்னென்ன கவனிக்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். முழுப்பணம் முன்னால் கொடுக்காதீர்கள். வண்டிக்கான பழைய கையேட்டில் என்ன ஆயில் போட்டிருக்கிறதோ அதையே நீங்களே வாங்கி வையுங்கள். ஜிஎல்-5 என்றால் அதைவிட வீரியம் குறைந்த ஜிஎல்-4ஐவிட உசத்தி என்று எவன் சொன்னாலும் கேட்காதீர்கள். எத்தனை பிளக் திறந்தார்கள், எத்தனையில் ஊற்றினார்கள் என்று பக்கத்தில் நின்று எண்ணுங்கள், மூடும் முன் உங்கள் விரலை விட்டுப் பாருங்கள். செய்த வேலையைப் பில்லில் வரி வரியாக எழுதி வாங்குங்கள். டீ அப்புறம் போட்டுக்கொள்ளலாம்.

இந்த வண்டியின் ஓவர்டிரைவுக்கு ரோலர் கிளட்ச் செட், பழசானாலும் பரவாயில்லை, எங்கேயாவது இருப்பது தெரிந்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.