பின்லாந்துச் சுத்தியலுக்குப் பூர்வீகம் தேட விக்சனரி எப்படி?

சொல்லின் வேரைத் தோண்டிப் பார்க்கிற ஆசை இருந்தால் விக்கிப்பீடியா மாதிரி ஆளாளுக்கு எழுதும் இணைய அகராதியான ஆங்கில விக்சனரியைத் தாராளமாக நம்பி இறங்கலாம். காசு கிடையாது, லாகின் தொல்லையும் கிடையாது.

பின்லாந்தில் வேலை பார்க்கும் தங்கச்சி பையன், "ஏனுங் மாமா, இங்க சுத்தியலுக்கு வசரான்னு சொல்றாங்க, நம்ம வஜ்ராயுதந்தானுங்களே அது?" என்று கேட்டான். கோயமுத்தூரில் பட்டறை நடத்துகிறவனிடம் சுத்தியலைப் பற்றிக் கேட்டால் சும்மா இருக்க முடியுமா, தேடிவிட்டேன். ஆமாம், அதேதான், ஆனால் நம்ம பக்கமிருந்து போனதில்லை. பின்லாந்து மொழியான பின்னிஷும் அதன் உறவு மொழிகளும் கிளைத்த பழைய பின்னிக் வடிவம், அதற்கு முன்னால் சமஸ்கிருதமும் ஈரானிய மொழிகளும் பிறந்த இந்தோ-ஈரானிய மூலம் என்று பக்கம் பின்னோக்கிப் போகிறது. அந்த மூலச் சொல்லைத் தொட்டால் தனிப் பக்கம் திறக்கும், அங்கே சமஸ்கிருத வஜ்ரமும் பழைய ஈரானிய மொழியான அவெஸ்தாவில் கதாயுதத்தைக் குறிக்கும் வஸ்ராவும் பங்காளிகளாக நிற்கின்றன. பின்னிஷ் யூரலிக் குடும்பத்து மொழி, சமஸ்கிருதத்தோடு ரத்த சொந்தம் இல்லை, பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் வாங்கிய கடன்தான் இது. நூறுக்கு அவர்கள் சொல்லும் 'சதா'வும் அப்படி வந்ததே. அடிமைக்கு 'ஓர்யா' என்கிறார்கள், அது 'ஆரிய' என்பதிலிருந்து வந்தது என்பதே பெரும்பாலோர் கருத்து, காரணத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பிடித்தது அந்த நட்சத்திரக் குறி. எழுத்தில் எங்கும் கிடைக்காத, ஒப்பிட்டு ஊகித்த வடிவத்துக்கு முன்னால் அதைப் போட்டுவிடுகிறார்கள். பின்னிஷில் முதல் புத்தகமே 1543 வாக்கில் மிக்காயெல் அக்ரிகோலா போட்ட அரிச்சுவடிதான், அதனால் அதற்கு முந்தைய பழைய வடிவங்கள் எல்லாவற்றுக்கும் நட்சத்திரம் இருக்கும். வாட்ஸப்பில் 'எல்லாம் தமிழிலிருந்தே' என்று அனுப்புகிறவர்களும் ஆளுக்கொரு நட்சத்திரம் போட்டால் நன்றாக இருக்கும்.

குறை என்றால், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்பதால் சில பக்கங்களில் ஆதாரம் இருக்காது. அப்போது பின்லாந்து மொழிகள் நிறுவனத்தின் இணைய வேர்ச்சொல் அகராதிக்குப் போங்கள். 1992 முதல் 2000 வரை மூன்று தொகுதியாக வந்த பெரிய அகராதிதான் அதற்கு அடிப்படை. முழுக்க பின்னிஷ், மொழிபெயர்ப்புக் கருவி இல்லாமல் ஒன்றும் ஓடாது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் அரசனுக்கான 'குனிங்காஸ்' பக்கத்தை முதலில் பாருங்கள். பழைய ஜெர்மானியச் சொல்லை வால் வரைக்கும் இவர்கள் வைத்திருக்க, பக்கத்து வீட்டு ஸ்வீடன்காரர்கள் அதை 'குங்' என்று சுருக்கிவிட்டார்கள்.