மகளுக்கு ஓசிஐ அட்டை எடுப்பதா வேண்டாமா: கோபிப் பயணத்தில் விசாரித்தவை

மகள் நியூ ஜெர்சியில் பிறந்தவள். நானும் மனைவியும் இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கிறோம், அவளுக்கு மட்டும் அமெரிக்கப் பாஸ்போர்ட். இந்த முறை இணையத்தில் எடுக்கும் ஐந்தாண்டு சுற்றுலா இ-விசாவில் அழைத்து வந்தோம். கோபிச்செட்டிபாளையத்தில் எந்த வீட்டில் உட்கார்ந்தாலும், "பாப்பாவுக்கு ரெட்டைக் குடியுரிமை வாங்கிட்டீங்களா?" என்றுதான் கேட்டார்கள். அப்படி ஒன்றை இந்தியா தருவதில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தருவது ஓசிஐ (ஓவர்சீஸ் சிட்டிசன் ஆஃப் இந்தியா) அட்டை. ஓட்டு கிடையாது, தேர்தலில் நிற்க முடியாது, அரசு வேலை கிடையாது. சுருக்கமாகச் சொன்னால் ஆயுள் முழுக்கச் செல்லும் விசா.

ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் வேறு வழி சொன்னார்: "பேசாம இந்தியப் பாஸ்போர்ட்டே எடுத்துடுங்க." அவர் சொன்னதில் பாதி உண்மை உண்டு. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, வெளிநாட்டில் பிறந்த குழந்தையின் பிறப்பை ஓராண்டுக்குள் தூதரகத்தில் பதிவு செய்தால் அது இந்தியக் குடிமகன்தான். பிறப்பால் இன்னொரு நாட்டுக் குடியுரிமையும் இருந்தால், 18 வயது முடிந்து ஆறு மாதத்துக்குள் அதைத் துறக்க வேண்டும், இல்லையென்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஆனால் பதிவு செய்யும்போதே, குழந்தையிடம் வேறு நாட்டுப் பாஸ்போர்ட் இல்லை என்று பெற்றோர் எழுதித் தர வேண்டும். அமெரிக்கச் சட்டமோ, தன் குடிமக்கள் நாட்டைவிட்டுப் போகவும் திரும்பி வரவும் அமெரிக்கப் பாஸ்போர்ட்தான் வேண்டும் என்கிறது. அப்புறம் எங்கே போவது? எங்களுக்கு அந்த வழி இல்லை.

அப்பாவின் கவலை வேறு. தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வயல் இருக்கிறது. "ரெண்டு ஏக்கராவப் பேத்தி பேருக்கு எழுதி வெச்சர்றேன், நீ அந்தக் கார்டை மொதல்ல வாங்கு" என்றார். பத்திர ஆபீஸ் எதிரில் ஒருவரிடம் போனோம். அவர் கம்ப்யூட்டரில் தான செட்டில்மென்ட் மாதிரியைத் திறந்து வைத்துக்கொண்டு, "பாப்பா ஆதார் நம்பர் சொல்லுங்க" என்றார். ஆதார் இல்லை, அமெரிக்கப் பாஸ்போர்ட் என்றதும், "ஓசிஐ வாங்கிட்டு வந்துடுங்க, முடிச்சுடலாம்" என்று தைரியமாகச் சொன்னார். எனக்குச் சந்தேகம். ஈரோட்டில் ஆடிட்டரிடம் கேட்டபோதுதான் விஷயம் தெளிவானது. ஓசிஐ அட்டை இருப்பவர் இங்கே வீடு, மனை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு ஆகியவற்றை விலைக்கு வாங்கவும் முடியாது, தானமாகப் பெறவும் முடியாது. ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதிகள் அப்படி. ஆனால் உயில் வழியாகவோ வாரிசாகவோ வந்தால் வயலையும் பெற்றுக்கொள்ளலாம். அப்பா இந்தியாவில் வசிப்பவர் என்பதால், அவரிடமிருந்து அப்படி வரும் சொத்தைப் பெறப் பேத்திக்கு ஓசிஐ அட்டையே தேவையில்லை. நிலத்துக்காக அட்டை எடுக்கச் சொன்னவர்கள் எல்லோரும் இந்த ஒன்றைத்தான் கவனிக்கவில்லை. அப்பாவுக்கு இன்னும் முழு நம்பிக்கை வரவில்லை. உயில் என்ற சொல்லே அவருக்குப் பிடிக்கவில்லை, அது தனிக்கதை.

மாமனாருக்குப் பேத்தி கோவையில் டாக்டருக்குப் படிக்க வேண்டும். அவள் இப்போதுதான் ஆனா ஆவன்னா எழுதுகிறாள், இருந்தாலும் கேட்டார். நீட் எழுதலாம். ஆனால் 2021 மார்ச் 4ஆம் தேதி அறிவிக்கைக்குப் பிறகு, ஓசிஐ மாணவர்களுக்கு என்ஆர்ஐ இடங்களும் கூடுதல் இடங்களும்தான். இந்தியக் குடிமக்களுக்கென ஒதுக்கிய இடங்கள் கிடையாது. 2023இல் உச்ச நீதிமன்றம், இந்த மாற்றம் அந்தத் தேதிக்குப் பிறகு அட்டை பெற்றவர்களுக்குத்தான் என்றது. இனிமேல் எடுக்கப்போகும் எங்களுக்கு அதனால் பயன் இல்லை.

மாமல்லபுரத்திலும் ஒரு கணக்குப் பார்த்தோம். ஓசிஐ இருந்தால் இந்தியர் கட்டணம்தான். ஆனால் 15 வயதுக்குக் கீழ் இருந்தால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் டிக்கெட்டே இல்லை.

பிறகு எதற்குத்தான் அட்டை? அம்மாவின் முழங்கால்தான் முடிவு செய்தது. அறுவை சிகிச்சை என்றால் நாங்கள் ஒரு வருடமாவது இங்கே வந்து இருக்க வேண்டியிருக்கும். இப்போதுள்ள இ-விசாவில் தொடர்ந்து 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. மகளைச் சேர்க்க முடியுமா என்று ஊரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் விசாரித்தேன். அங்கே இருந்த பெண் ஊழியர் மகளின் பாஸ்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "டூரிஸ்ட் விசாவுல சேத்துக்க முடியாதுங்க, ஓசிஐன்னா பரவாயில்லைங்க" என்றார். அவர் சொன்ன ஒரு வரியில் எங்கள் குழப்பம் தீர்ந்தது. இரண்டு வாரம் வந்து போகிறவர்களுக்கு இ-விசா போதும். செலவும் குறைவு. திடீரென்று ஊரோடு வந்து இருக்க வேண்டி வரலாம் என்பவர்களுக்கு ஓசிஐ.

கட்டணம் 275 டாலர், சேவைக் கட்டணம் தனி. காசைவிடக் காகிதம்தான் படுத்துகிறது. எங்கள் திருமணப் பதிவுச் சான்றின் நகலைப் பதிவுத்துறை இணையதளத்தில் எடுத்துக்கொண்டோம், அதில் சிரமம் இல்லை. சிக்கல் பெயரில். சான்றில் எனக்கு வெறும் இனிஷியல். பாஸ்போர்ட்டிலும் மகளின் பிறப்புச் சான்றிலும் அப்பாவின் முழுப் பெயர் என் குடும்பப் பெயராக ஏறிக் கிடக்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று நோட்டரியிடம் அபிடவிட் வாங்கி வைத்துக்கொண்டேன். ஊரில் இருக்கும்போதே இதை முடித்துக்கொள்வது நல்லது.

கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தை கட்டத்துக்குள் பெருவிரல் வைக்க வேண்டும். வெள்ளைத்தாளில் மை தொட்டுப் பழக்கினோம். கட்டத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் வைத்தாள். "அமெரிக்காவுல பொறந்துட்டுக் கைநாட்டா!" என்று அப்பா சிரித்தார்.

அட்டை வந்த பிறகும் வேலை உண்டு. குழந்தைப் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். 20 வயது வரை ஒவ்வொரு புதுப் பாஸ்போர்ட்டையும் படத்தையும் இணையத்தில் ஏற்ற வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. 20க்குப் பிறகு எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரு முறை அட்டையை மாற்ற வேண்டும். திரும்பிப் போனதும் விண்ணப்பிக்கிறோம். உயில் விஷயத்தை அப்பா தை கழியட்டும் என்கிறார்.