பின் டிரம்மைக் கழற்றாமலே 34,850 ரூபாய் வாங்கினார்கள்

பழைய மஹிந்திரா தார், ஜீப், பொலேரோ வைத்து மலையில் ஓட்டுகிறவர்கள், வண்டியை பிரேக் வேலைக்கு விடுவதற்கு முன்னால் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள். போன மாதம் நானும் என் மனைவியும் திண்டுக்கல் மாவட்டத்து மலையில், பெரும்பாறைக்குக் கீழே ஒரு வளைவில் மயிரிழையில் தப்பினோம். அதற்கு மூன்று நாள் முன்னால்தான் பிரேக் வேலைக்கென்று 34,850 ரூபாய் கட்டியிருந்தேன்.

என்னுடையது 2011 மாடல் தார், ஃபோர் வீல் டிரைவ். 1,38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. முன்னால் டிஸ்க் பிரேக் (சுழலும் தட்டை இரண்டு பேட் இறுக்கிப் பிடிக்கும்), பின்னால் டிரம் பிரேக் (சுழலும் வட்டப் பெட்டிக்குள் ஷூ என்ற இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து பிடிக்கும்), ஏபிஎஸ் கிடையாது. தாண்டிக்குடிப் பக்கம் கொஞ்சம் காப்பியும் மிளகும் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு முறை வத்தலக்குண்டிலிருந்து சித்தரேவு வழியாக ஏறி இறங்குவோம். மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதையில் இந்த வண்டி இல்லாமல் ஒரு மூட்டை வெளியே வராது. அதனால்தான் பழசானாலும் விற்க மனம் வரவில்லை.

முதலில் டேஷ்போர்டில் சிவப்பு பிரேக் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. பானட்டைத் திறந்து பார்த்தால் பிரேக் ஆயில் குறைந்திருந்தது. ஊற்றினேன். பத்தே நாளில் மறுபடியும் குறைந்தது. கூடவே இன்னொன்று: தோட்டத்துக் கேட் முன்னால் சரிவில் நிறுத்தினால் கைபிரேக் சரியாக நிற்கவில்லை, சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் என்ன கோளாறு என்பதை இந்த இரண்டுமே சொல்லிவிட்டன. படிக்கத் தெரிந்தவரிடம்தான் நான் போகவில்லை.

எங்கள் பழைய மெக்கானிக் அண்ணன் அந்த வாரம் ஊரில் இல்லை. திண்டுக்கல்லில் பைபாஸ் பக்கம் இருக்கும், எல்லாக் கம்பெனி வண்டிகளும் பார்க்கிற ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். பெயரை இப்போது எழுதவில்லை. புகார் போயிருக்கிறது, அது முடியட்டும்.

ஆயில் குறைவதையும் கைபிரேக் நிற்காததையும் சொன்னேன். சூப்பர்வைசர் குறித்துக்கொண்டார். பேட், பிரேக் ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 6,200 ஆகும் என்றார். சரி என்று பஸ் ஏறிவிட்டேன். மதியம் போன் வந்தது. "சார், பிரிச்சுப் பார்த்தா நிறைய வேலை இருக்கு, நேர்ல வாங்க."

போனபோது முன் சக்கரங்கள் கழற்றிக் கிடந்தன. சூப்பர்வைசர் என்னை சீட்டில் உட்காரவைத்து, இன்ஜின் ஓடாமல் இருக்கும்போதே பெடலை நாலைந்து தடவை மிதிக்கச் சொன்னார். கல் மாதிரி இறுகிவிட்டது. "பார்த்தீங்களா சார், பூஸ்டர் போயிடுச்சு. மாஸ்டர் சிலிண்டரும் லீக். குடும்பத்தோட மலையில போறீங்க, உயிர் விஷயம். அடுத்து 15 வருஷ ஆர்.சி. புதுப்பிக்கணும், இந்த பிரேக்கை வச்சுக்கிட்டு வண்டி பாஸ் ஆகாது." பூஸ்டர் என்பது கால் மிதிப்புக்குப் பலம் கூட்டுகிற பாகம்; மாஸ்டர் சிலிண்டர், மிதிக்கும்போது ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளுகிற பாகம். மாஸ்டர் சிலிண்டரைச் சுற்றியிருந்த ஈரத்தைத் துணியால் தொட்டும் காட்டினார். முந்தின நாள் ஆயில் ஊற்றியபோது நான் சிந்தியதுதான் அது. அந்த நேரத்தில் எனக்கு அது தோன்றவில்லை. வளைவுகளும் மனைவியின் முகமும்தான் கண் முன்னால் வந்தன. செய்யுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

இதை எல்லோரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். இன்ஜினை அணைத்துவிட்டு நாலைந்து தடவை மிதித்தால் எந்த நல்ல வண்டியிலும் பெடல் இறுகத்தான் செய்யும். பூஸ்டருக்குப் பலம் தருகிற வேக்குவம் (காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம்) மிச்சமிருந்தது தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். இறுகிய பிறகு பெடலை மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலுக்கடியில் பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்கவே இல்லையென்றால்தான் பூஸ்டரையோ, வேக்குவம் பம்ப்பையோ, அதன் ஹோஸையோ சந்தேகப்பட வேண்டும். சோதனையின் முதல் பாதியை மட்டும் செய்துகாட்டி என்னைப் பயமுறுத்தியிருக்கிறார்கள்.

மறுநாள் மாலை கையில் கொடுத்த தாளில் பூஸ்டரும் மாஸ்டர் சிலிண்டரும் 13,600, முன் டிஸ்க் இரண்டு 9,400, பேட் 2,650, பின் பிரேக் ஓவர்ஹால் (முழுதாகப் பிரித்துச் சரிசெய்வது) 3,200, பிரேக் ஆயில் 700, கூலி 5,300 என்று இருந்தது. கம்ப்யூட்டரில் அடித்த வெள்ளைத் தாள், ஜி.எஸ்.டி. எண் இல்லை. பழைய சாமான்களைக் கேட்டேன். ஸ்கிராப்காரர் எடுத்துப் போய்விட்டார் என்றார்கள். போனிலேயே பணம் அனுப்பிவிட்டு வந்தேன். பணம் போனதற்கு இப்போது அதுதான் ஆதாரமாக நிற்கிறது.

நான்காம் நாள் தோட்டத்திலிருந்து இறங்கினோம். பின்னால் இரண்டு மூட்டை மிளகு. பெரும்பாறை தாண்டி ஒரு வளைவுக்கு முன்னால் மிதித்தேன், பெடல் முக்கால்வாசி உள்ளே போய்விட்டது. வண்டி நிற்காமல் முன்னால் மட்டும் குனிந்தது. "என்னங்க" என்று மனைவி கம்பியைப் பிடித்தாள். செகண்ட் கியரில் வந்ததால் வேகம் அதிகமில்லை. ஃபர்ஸ்ட்டுக்குத் தள்ளி, கைபிரேக்கையும் இழுத்து, மலைப்பக்கத்து ஓடைக்குள் இடது சக்கரத்தை இறக்கினேன். பம்பர் மண்ணில் புதைந்து நின்றது. எதிரே அப்போது பஸ் எதுவும் வரவில்லை.

இந்த வண்டியில் முன் சக்கரங்களுக்கும் பின் சக்கரங்களுக்கும் ஆயில் தனித்தனி வழியாகப் போகிறது. பின்பக்கம் மொத்தமாக ஒழுகினாலும் முன்பக்கம் கொஞ்சம் பிடிக்கும். எங்களைக் காப்பாற்றியது அந்தக் கொஞ்சம்தான். ஃபோர் வீல் டிரைவ் இருக்கிறதே, இறக்கத்திலும் காப்பாற்றும் என்று நினைக்கிறவர்கள் உண்டு. அது சக்கரத்தைத் தள்ளுவதற்கு, நிறுத்துவதற்கு அல்ல. இந்த மாதிரி வண்டியில் காய்ந்த தார் ரோட்டில் அதைப் போட்டு ஓட்டவும் கூடாது, கியர் பெட்டியும் ஆக்சிலும் முறுக்கிக்கொள்ளும். இறக்கத்தில் தாழ்ந்த கியர்தான் துணை.

ஊர் திரும்பியிருந்த மெக்கானிக் அண்ணன் பைக்கில் மேலே வந்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தவர், பின் இடது டயரின் உள்பக்கத்தைக் கையால் தடவி விரலை என்னிடம் நீட்டினார். ஈரம்.

"தம்பி, இந்த டிரம்மைக் கழட்டுனதா சொன்னாங்களா?"

"ஓவர்ஹால்னு பில்லே போட்டிருக்காங்கண்ணே."

"இந்த ஸ்க்ரூவைப் பாரு."

டிரம்மைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவின் தலை முழுக்கத் துரு. அதன் வெட்டுக்குள் காய்ந்த செம்மண் அப்படியே அடைத்திருந்தது. ஸ்க்ரூடிரைவர் பட்டிருந்தால் அந்த மண் உதிர்ந்திருக்கும். சுத்தியலால் தட்டித் தட்டித்தான் டிரம்மை எடுத்தார். உள்ளே ஷூவைத் தள்ளுகிற வீல் சிலிண்டரில் ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் கப் கிழிந்து, ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் ஆயிலில் ஊறிப் பஞ்சு மாதிரி இருந்தது. கைபிரேக்கும் அதே ஷூவைத்தான் தள்ளுகிறது. ஊறிய ஷூ எப்படிப் பிடிக்கும்? முதல் நாளிலிருந்து ஆயில் குறைந்ததும் கைபிரேக் நிற்காததும் இந்த ஒரே இடத்தால்தான்.

அப்புறம் முன்பக்கம். புது டிஸ்க் என்று 9,400 வாங்கினார்களே, அந்த டிஸ்க்கின் வெளி விளிம்பில் நகம் தட்டுகிற அளவுக்கு ஒரு சின்ன மேடு இருந்தது. பேட் படாத ஓரம் தேயாமல் நிற்பதால் அது வரும், ஓடி ஓடித்தான் வரும். நான்கு நாளில் வராது. டிஸ்க்கை மாற்றவே இல்லை. பேட்டைத் தள்ளுகிற கேலிப்பரின் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சின்னத் திருகு) ஆயில் எடுத்துப் பார்த்தால் டீ டிகாஷன் நிறத்தில் வந்தது. அதையும் மாற்றவில்லை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 வரை இறங்கிவிடும். மலை இறக்கத்தில் விடாமல் மிதித்தால் அந்தச் சூடு சுலபமாக வந்துவிடும், ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது.

இரண்டு பக்கமும் வீல் சிலிண்டர், ஒரு செட் ஷூ, டிரம்மை லேத்தில் கொடுத்துக் கடைந்தது, புது ஆயில், மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான பின் இடது சக்கரத்தில் தொடங்கி நாலு சக்கரத்திலும் ஏர் எடுத்தது (ஆயில் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றியது), எல்லாவற்றுக்கும் சேர்த்து அண்ணன் வாங்கியது 4,300 ரூபாய். புதிதாகப் போட்டதாகச் சொன்ன பூஸ்டரில் கம்பெனிப் பெயரோ பார்ட் நம்பரோ இல்லை. அதை நம்பி எவ்வளவு நாள் ஓட்டுவது என்று அவர் இன்னும் யோசிக்கிறார்.

ஒர்க்‌ஷாப்புக்கு நேரில் போனேன். "வேற இடத்துல பிரிச்சிட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்ல" என்றார்கள். இங்கே நானும் ஒரு தவறு செய்திருக்கிறேன். வண்டி மலையில் நின்றபோதே, எதையும் கழற்றுவதற்கு முன்னால், ஒர்க்‌ஷாப்புக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். நல்ல வேளையாக அண்ணன் டிரம்மைத் தட்ட ஆரம்பிக்கும் முன்பே மனைவி போனில் வீடியோ எடுக்கத் தொடங்கியிருந்தாள். அந்தத் துருப்பிடித்த ஸ்க்ரூ அதில் தெளிவாகத் தெரிகிறது.

நீங்கள் வண்டியை வேலைக்கு விடும்போது, "நாலு சக்கரமும் கழற்றியிருக்கும்போது நான் வருவேன், அதுவரை எதுவும் மாற்றக் கூடாது" என்று எஸ்டிமேட் தாளிலேயே எழுதி வாங்குங்கள். பழைய சாமான் எனக்கு வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். டிஸ்க் தேய்ந்துவிட்டது என்றால் வெர்னியரை (தடிமன் அளக்கும் கருவி) வைத்து அளக்கச் சொல்லுங்கள். குறைந்தபட்சத் தடிமன் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். ஆயில் குறைகிறது என்று சொல்லியும் பின் டிரம்மைக் கழற்றாமல் பூஸ்டரைப் பற்றிப் பேசுகிறவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். ஒர்க்‌ஷாப்புக்கு ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் போயிருக்கிறது. பதில் வராவிட்டால் திண்டுக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கிழிந்த ரப்பர் கப்பையும் ஊறிய ஷூவையும் பிளாஸ்டிக் கவரில் கட்டி, அந்த வெள்ளைத் தாளோடு பீரோவில் வைத்திருக்கிறேன்.