பளபள விமானமா, பழகிய விமானமா? சிமுலேட்டரில் எது உண்மைக்குப் பக்கம்

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில், ரெட் புல்லின் பழைய விமானக் குழுவான ஃப்ளையிங் புல்ஸ் பறக்கவிட்ட டிசி-6பி விமானம் 1958-இல் தயாரானது, ஒரு காலத்தில் யூகோஸ்லாவிய அதிபர் டிட்டோ அதில் பயணம் செய்தார். இன்று அதன் அலுமினிய உடம்பு மெருகேறி, பக்கத்தில் நின்றால் முகம் தெரியும் அளவுக்கு இருக்கிறது. அதே டிசி-6 ரகத்தை அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸிலிருந்து எவர்ட்ஸ் நிறுவனம் பல வருடங்களாகச் சரக்கும் எரிபொருளும் ஏற்றி, சாலையே போகாத ஊர்களுக்கு ஓட்டி வந்திருக்கிறது. 18 சிலிண்டர் ஆர்-2800 எஞ்சின்கள் நான்கு, அவை உமிழும் எண்ணெயும் கரியும் எஞ்சின் கூட்டுக்குப் பின்னால் கோடு கோடாகப் படிந்து கிடக்கும்.

இரண்டும் அசல் டிசி-6. அதனால் சிமுலேட்டர் விமானம் "பழசாக இருந்தால்தான் ரியலிஸ்டிக்" என்று யாராவது சொன்னால் என்னால் ஒத்துக்கொள்ள முடிவதில்லை, "புதுசாக, சுத்தமாக இருப்பதுதான் அழகு" என்பதையும் அப்படியே ஏற்க முடிவதில்லை. அந்த விமானம் யாருடையது, என்ன வேலை செய்கிறது, எங்கே நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பொருந்தும் அழுக்கு வேண்டும், பொருந்தாதது வேண்டாம்.

முதலில் பளபளப்புப் பக்கம். பயணிகள் விமானத்துக்குச் சுத்தமான தோற்றம்தான் பெரும்பாலும் சரி. ஏர்லைன்கள் விமானத்தை அடிக்கடி கழுவுகின்றன, சில வருடங்களுக்கு ஒருமுறை முழுசாகப் பெயின்ட் அடிக்கின்றன. நெடுக அழுக்கு வழியும் 737 நிஜத்தில் அபூர்வம். ஆனால் சிமுலேட்டரில் சுத்தமான விமானம் பல சமயம் பிளாஸ்டிக் பொம்மை மாதிரித் தெரிகிறதே, ஏன்? அழுக்கு இல்லாததால் இல்லை. இப்போதைய சிமுலேட்டர்களில் நிறத்துக்கு ஒரு டெக்ஸ்சர் (மாடலின் மேல் போர்த்தும் படம்), பரப்பு எவ்வளவு சொரசொரப்பு, எவ்வளவு உலோகம் என்பதற்குத் தனி டெக்ஸ்சர். இந்த இரண்டாவதை ஒரே மட்டமாக நிரப்பிவிட்டால் மூக்கிலிருந்து வால் வரை வெளிச்சம் ஒரே மாதிரி விழும். தொழிற்சாலையிலிருந்து நேற்று வந்த விமானத்தில்கூட அப்படி இருக்காது. ரேடாரை மூடும் மூக்கு கலப்புப் பொருள், அதன் மினுமினுப்பு வேறு. 737-இன் இறக்கை முன்விளிம்பில் நீளும் ஸ்லாட்டுகளும் எஞ்சின் வாயின் விளிம்பும் பெயின்ட் இல்லாத உலோகம். மாலை வெயில் சாய்வாக விழும்போது பார்த்தால் ரிவெட் வரிசைகளுக்கு நடுவே தகடு லேசாக அலையலையாக நெளிந்திருப்பது தெரியும். இவ்வளவையும் செய்த சுத்தமான மாடல், கரி பூசிய மாடலைவிடப் பல மடங்கு உயிரோட்டமாக இருக்கும். இதைச் செய்யச் சோம்பல்பட்டு அதன் மேல் அழுக்கைப் பூசி மறைப்பதுதான் எனக்குப் பிடிக்காதது.

அப்படி ஒன்றைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறேன். நான்கு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் பைப்பர், படங்களில் பார்க்க அருமையாக இருந்தது. டவுன்லோட் செய்து ஏறினால், வலது இறக்கையில் கதவுக்குப் பக்கத்தில் கால் பட்டுத் தேய்ந்த தடம் இருக்கிறது, சரி. இடது இறக்கையிலும் அச்சு அசலாக அதே தடம், அதே கீறல், கண்ணாடியில் பார்த்த மாதிரி. அந்த விமானத்துக்குக் கதவே வலது பக்கம் ஒன்றுதான், இடது இறக்கையில் யார் தினமும் ஏறி இறங்குகிறார்கள்? ஒரே டெக்ஸ்சரை இரண்டு பக்கத்துக்கும் திருப்பிப் போட்டதால் வந்த கோளாறு. அதைப் பார்த்த பிறகு அந்த விமானத்தில் என்னால் ஒன்றிப் பறக்க முடியவில்லை.

கரியின் நிறத்திலும் இதே கதை. பிஸ்டன் விமானம் என்றாலே வயிற்றில் கறுப்பாகப் புகை அடித்து வைக்கிறார்கள். காற்றோடு கலக்கும் பெட்ரோலைச் சரியாகக் குறைத்து ஓட்டும் பைலட்டின் விமானத்தில், ஈயம் கலந்த 100எல்எல் பெட்ரோல் விட்டுச் செல்லும் படிவு பெரும்பாலும் வெளிர் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். அடர்கறுப்பு என்றால் கலவையில் பெட்ரோல் அதிகம் என்று அர்த்தம். அந்தப் பெட்ரோலுக்கு நீலச் சாயம் சேர்த்திருப்பதால், டேங்க் மூடி கசிந்தால் அதைச் சுற்றி மெல்லிய நீலக் கறை தெரியும். இந்த நீலக் கறையைப் போட்ட ஆட்-ஆன்களை (சிமுலேட்டருக்குத் தனியாக வாங்கும் விமானங்களை) ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம், ஆனால் போட்டவர் விமானத்தின் பக்கத்தில் போய் நின்றவர் என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

போர் விமானங்களில் இரண்டு கட்சியுமே தப்பு செய்கிறது. இரண்டாம் உலகப்போரின் பி-51 மஸ்டாங்கை முழுக்க வெள்ளிக் கண்ணாடியாகக் காட்டுவது இன்றைய ஏர் ஷோ விமானத்தைப் பார்த்துச் செய்தது. அன்றைக்கு உடல் வெறும் உலோகமாக இருந்தாலும் இறக்கையின் முன்பகுதியைப் புட்டி வைத்துத் தேய்த்து, வெள்ளி நிறப் பெயின்ட் அடித்துத்தான் அனுப்பினார்கள், காற்று வழுவழுப்பாக ஓட வேண்டும் என்பதற்காக. அதனால் இறக்கை மங்கலாகவும் உடல் மினுமினுப்பாகவும் தெரிய வேண்டும். எதிர்ப்பக்கம், ஜப்பான் ராணுவத்தின் கி-61-இல் பச்சைப் பெயின்ட் பட்டை பட்டையாக உரிந்திருப்பதைப் பார்த்து "ஓவராகப் போட்டிருக்கிறார்கள்" என்று நினைக்கத் தோன்றும், ஆனால் அது நடந்ததுதான். ப்ரைமர் இல்லாத அலுமினியத்தின் மேல் அடித்த பெயின்ட் நியூ கினி வெயிலிலும் மழையிலும் நிற்கவில்லை. அப்புறம் விமானந்தாங்கிக் கப்பல் தளத்தில் நின்ற அமெரிக்கக் கடற்படையின் எஃப்-14: உப்புக்காற்றில் துரு பிடிக்காமல் இருக்க மாலுமிகள் இங்கும் அங்குமாகத் தொட்டுப் பூசிய, சற்றே நிறம் மாறிய சாம்பல் திட்டுகள். அதை அழுக்கு என்று சொல்லக் கூடாது, அது பராமரிப்பு.

மூன்றாவதாக ஒரு வழியும் இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்: நாம் ஓட்ட ஓட்டத் தேயும் விமானம். ஏ2ஏ என்ற ஆட்-ஆன் நிறுவனம் 2023-இல் வெளியிட்ட கோமாஞ்சி 250 என்ற சிறிய பைப்பர் விமானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆயில் குறைகிறது, ஸ்பார்க் பிளக்கில் படிவு சேருகிறது, அடுத்த முறை திறந்தால் விட்ட நிலையிலேயே நிற்கிறது. எக்ஸ்-பிளேன் சிமுலேட்டருக்கு ஹாட் ஸ்டார்ட் நிறுவனம் செய்த சேலஞ்சர் 650 ஜெட்டும் நேற்றைய நிலையை நினைவில் வைத்திருக்கும். வெளியில் தெரியும் தேய்மானத்தைவிட இந்த உள்தேய்மானம் எனக்கு முக்கியம். முரட்டுத்தனமாக ஓட்டினால் அதன் விளைவு அடுத்த வாரம் எஞ்சின் சத்தத்தில் கேட்கிறதே, அதற்கு எந்தக் கீறல் டெக்ஸ்சரும் ஈடாகாது.

காக்பிட் விஷயத்தில் மட்டும் நான் தயங்காமல் தேய்மானத்தின் பக்கம். வெளித்தோற்றத்தை மொத்தமாகப் பத்து நிமிடம் பார்ப்போம், காக்பிட்டில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்போம். கை படும் இடம்தான் தேயும்: த்ராட்டில் பிடியின் விளிம்பு, அடிக்கடி திருகும் குமிழ்கள், சீட் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஷூ உரசும் தரை, வெயில் பட்டு வெளுத்த டாஷ்போர்டு மேல்பரப்பு. டிசிஎஸ் என்ற போர் விமான சிமுலேட்டருக்கு ஹீட்பிளர் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்த எஃப்-14 காக்பிட்டில் உட்கார்ந்தால் பல வருடம் பலர் உட்கார்ந்து எழுந்த இடம் என்று தோன்றுகிறது. ஒரே நிபந்தனை, சுவிட்சுகளின் எழுத்து படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். விஆர் ஹெட்செட்டில் ஏற்கெனவே கண்ணைச் சுருக்கித்தான் படிக்கிறோம், எழுத்தையும் சுரண்டி வைத்தால் செக்லிஸ்ட் ஓட்டவே முடியாது. யாரும் தொடாத சர்க்யூட் பிரேக்கர் பலகையில் கீறல் போடுவதும் வேண்டாம், அங்கே தூசி போதும்.

கிராஃபிக்ஸ் கார்டு மெமரியையும் கணக்கில் எடுங்கள். 4096 பிக்சல் டெக்ஸ்சர் ஒன்று, நல்ல தரத்தில் சுருக்கிய பிறகும் சுமார் 16 எம்பி. 8192 என்றால் 64. இடது வலது இரண்டுக்கும் தனித்தனித் தேய்மானம் வரைந்தால் எண்ணிக்கை ஏறும். 8 ஜிபி கார்டு வைத்திருப்பவர் வெளிப்புறத்தில் விட்டுக்கொடுத்து, காக்பிட்டுக்கு மட்டும் உயர்ந்த தரம் வைத்துக்கொள்ளலாம்.

என் ஹேங்கரில் இப்போது ஏ320-உம் 737-உம் சுத்தமான லிவரியில்தான் (பெயின்ட் வடிவத்தில்தான்) நிற்கின்றன, வால் நுனியில் ஏபியு எனும் சிறிய துணை எஞ்சினின் புகை பட்ட இடம் மட்டும் லேசாகக் கறுத்திருக்கும். கோமாஞ்சியைப் புதுசாகத்தான் ஆரம்பித்தேன், அது தன் பாட்டுக்குப் பழகட்டும். டிசி-6-க்கு மட்டும் இரண்டு லிவரி: ஐரோப்பாவில் பறந்தால் மெருகேறியது, ஃபேர்பேங்க்ஸிலிருந்து கிளம்பும்போது எண்ணெய் வழிந்தது.