பரம்பரைச் சிறுநீரக வருத்தம்: ஸ்கானா, மரபணுச் சோதனையா?

அம்மாவுக்கு இருப்பது சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் பெருகும் பரம்பரை வருத்தம் என்று உறுதியானதும், பிள்ளைகள் நாங்கள் எதைச் செய்து பார்ப்பது என்ற கேள்வி வந்தது. (சிறுநீரகம் என்றாலே கொழும்பில் எல்லாரும் அநுராதபுரத்துப் பக்கம் தண்ணீரால் வருவதாகச் சொல்லும் சிறுநீரக வருத்தத்தைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்கள். இது வேறு. ஒவ்வொரு பிள்ளைக்கும் இது வரும் வாய்ப்பு ஐம்பதுக்கு ஐம்பது.) நான் அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுத்தேன். பெரும்பாலானோருக்கு அதையே சொல்வேன்.

செலவிலும் அலைச்சலிலும் ஸ்கான்தான் இலகு. அதில் வாதாட ஒன்றுமில்லை.

உண்மையில் தீர்மானிப்பது வயது. ‘இல்லை’ என்ற பதிலை எந்த வயதில் நம்பலாம் என்பதுதான் விஷயம். குடும்பத்தில் இந்த வருத்தம் இருந்தால், 15 முதல் 39 வயதுவரை இரண்டு சிறுநீரகங்களிலும் சேர்த்து 3 கட்டிகள் தெரிந்தாலே ‘உண்டு’. 40 முதல் 59 வரை ஒவ்வொன்றிலும் 2 வேண்டும். 40 தாண்டியவருக்கு மொத்தமே இரண்டுக்குக் குறைவென்றால் வருத்தம் இல்லை. எனக்கு நாற்பது கடந்துவிட்டது. கட்டிகள் தெளிவாகவே தெரிந்தன. அதற்கு மேல் மரபணுவிடம் கேட்க என்ன இருக்கிறது?

தங்கச்சிக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. அவளுடைய ஸ்கான் சுத்தம். ஆனால் பிழை எந்த மரபணுவில் என்பதைப் பொறுத்து இந்த வருத்தத்தில் பி.கே.டி.1, பி.கே.டி.2 என்று முக்கியமாக இரண்டு வகை; பி.கே.டி.2இல் கட்டிகள் பிந்தித்தான் தலைகாட்டும். அவளோ அம்மாவுக்குச் சிறுநீரகம் கொடுக்கிறேன் என்று நிற்கிறாள். இங்கேதான் மரபணுச் சோதனைக்கு வேலை வருகிறது, அதிலும் ஒரு சிக்கலோடு: முதலில் அம்மாவிடம் பிழையைக் கண்டுபிடிக்க வேண்டும். 1994இல் கண்டறியப்பட்ட பி.கே.டி.1 மரபணுவுக்கு அதே 16ஆம் குரோமோசோமில் 6 போலிப் பிரதிகள் இருப்பதால் வாசிப்பது கஷ்டம். ஏறக்குறைய பத்தில் ஒரு குடும்பத்தில் பிழை அகப்படுவதே இல்லை. அம்மாவிடம் அகப்படாவிட்டால் தங்கச்சியின் ‘இல்லை’க்குப் பெறுமதி கிடையாது.

மரபணு எதிர்காலத்தையும் கொஞ்சம் சொல்லும். ஒரு பிரெஞ்சு ஆய்வில் சிறுநீரகம் செயலிழந்த இடைநிலை வயது பி.கே.டி.1இல் 58, பி.கே.டி.2இல் 79. நல்ல தகவல்தான், ஆனால் என் பிறஷர் மாத்திரையையோ உப்புக் கட்டுப்பாட்டையோ அது மாற்றாது. கட்டிகள் பெருகும் வேகத்தைக் குறைக்கும் டோல்வப்டான் மாத்திரையை நான் பாவித்ததில்லை, அனுபவமாகச் சொல்ல முடியாது. முதல் 18 மாதங்கள் மாதாமாதம் ஈரல் சோதனை, ஓயாமல் சிறுநீர். கொழும்பின் காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் போகிறவர் யோசிக்கத்தான் வேண்டும்.

தங்கச்சிக்கு அடுத்தது எம்.ஆர்.ஐ. அவள் வயதில் அதில் 5 கட்டிகளுக்குக் குறைவென்றால் கொடுக்கலாமா என்று கதைக்கத் தொடங்கலாம். அப்புறமும் சந்தேகம் இருந்தால் அம்மாவின் இரத்தம் மரபணுச் சோதனைக்குப் போகும்.