பீடோங்கில் அண்மை அகச்சிவப்பு நுண்ணோக்கி: சில வருடப் புழக்கத்தில் கண்டது

கெடாவில், பீடோங் பக்கம் செம்பனைத் தோட்டங்களை ஒட்டியிருக்கிறது எங்கள் ஆய்வகம். உயிருள்ள எலியின் தோலுக்கடியில் ஓடும் ரத்தக்குழாய்களைப் பார்க்க அண்மை அகச்சிவப்பு (கண்ணுக்குத் தெரியும் சிவப்பை அடுத்து வரும் ஒளி) ஒளிர்வு நுண்ணோக்கியைச் சில வருடங்களாகப் புழங்குகிறோம்.

"படம் கூர்மையா வருமா?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். வராது. ஒளியின் அலைநீளம் 500 நானோமீட்டரிலிருந்து 800க்குப் போனால், அதே லென்ஸில் பிரித்துக்காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி 60 விழுக்காடு பெரிதாகிவிடும். நாம் காசு கொடுப்பது ஆழத்துக்கு. 700 முதல் 900 வரை ரத்தமும் நீரும் ஒளியைக் குறைவாகவே விழுங்கும், சிதறலும் குறையும், திசு தானாக ஒளிர்வதும் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெரும்பாலும்தான். எலித் தீவனத்தில் குதிரைமசால் என்ற தீவனப்பயிர் இருந்தால் அதன் பச்சையம் குடலுக்குள் 680 தொட்டு மேலே ஒளிரும், வயிற்றுப் பகுதி பாழ். விலங்குக்கூடம் பார்க்கும் அண்ணனிடம் தீவனத்தை மாற்றச் சொன்னபோது, "புல்லுக்குமா தம்பி கணக்கு?" என்று சிரித்தார். மாற்றியதும் பின்னணி சட்டென்று இருண்டது. கேமராவுக்குக் கொட்டிய ரிங்கிட் இந்த அளவு பலன் தரவில்லை.

ரத்தக்குழாய்கள் ஒளிர்ந்து தெரிய நாங்கள் ஊசியில் ஏற்றும் சாயம் இண்டோசயனின் கிரீன். அமெரிக்காவில் 1959லேயே மனிதருக்கு அனுமதி கிடைத்தது. ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு 800க்கு மேல் நன்றாக ஒளிரும், ஆனால் சில நிமிடங்களிலேயே கல்லீரல் அதைப் பித்தத்துக்குத் தள்ளத் தொடங்கிவிடும். ஃபோகஸ், ஒளி அளவு எல்லாம் ஊசிக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். கரைக்க உப்புநீர் ஆகாது, கிருமிநீக்கிய நீர்தான். கரைத்ததை ஆறு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும்.

நுண்ணோக்கியின் கண்வில்லையில் ஒன்றும் தெரியாது, எல்லாம் கேமராவில்தான். சாதாரணக் கலர் கேமராவில் அகச்சிவப்பைத் தடுக்கும் ஃபில்டர் இருக்கும், அது உதவாது. சாயத்தை ஒளிரவைக்கும் 785 நானோமீட்டர் லேசர் கண்ணுக்கு மங்கலாகத் தெரிவதால் அசட்டை வரும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் யாரையும் உள்ளே விடுவதில்லை.

நம்மூர் ஈரத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும், உலர்பெட்டி கட்டாயம். இடிமழைக்கு யுபிஎஸ்.

1000க்கு மேல் போனால் சிதறல் இன்னும் குறைந்து ஆழத்தில் இன்னும் தெளிவு என்பது உண்மைதான். ஆனால் அங்கே வழக்கமான சிலிக்கான் கேமரா கிட்டத்தட்டக் குருடு. இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரி உள்ள கேமரா வேண்டும், விலையோ தலைசுற்றும். எங்கள் வேலைக்கு இப்போதைக்குத் தேவைப்படவில்லை. புதிதாக வாங்குவோர் அந்தக் காசில் 800இல் ஒளியை நன்றாகக் கடத்தும் லென்ஸும் தரமான ஃபில்டரும் வாங்கலாம். விற்பவரிடம் லென்ஸின் ஒளிக்கடத்தல் வரைபடத்தைக் கேளுங்கள். அது 700இலேயே நின்றால் வேறு கடை பாருங்கள்.